பழவேற்காட்டில் ஒரு வேலி

பழவேற்காட்டு ஏரிக்கரையில் என் மைத்துனர் பத்து ஆடுகளும் ஒரு கறவைப் பசுவும் வைத்திருக்கிறார். ஆடுகளோ வலை காய்கிறது, கருவாடு காய்கிறது என்று பார்ப்பதில்லை, மிதித்துக்கொண்டு போய்விடும். தினம் ஒரு வழக்கு வந்தால் மனிதர் என்ன செய்வார்? "கம்பி வேலி போடுங்கள்" என்று யோசனை சொன்ன புண்ணியவான் நான்தான்.

மலிவாகக் கிடைத்ததென்று முள்கம்பி வாங்கினோம். 1874-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கிளிடன் என்பவர் காப்புரிமை பெற்ற சரக்கு அது. சமவெளியில் மேயும் பெருமாடுகளை மடக்க ஏற்றது. முள் பட்டதும் மாடு பின்வாங்கும். ஆட்டின் சுபாவமே வேறு. இடைவெளி கண்டால் தலையை நுழைத்துவிடும். தாயாடு ஒன்றின் மடி கிழிந்தது.

போதாக்குறைக்கு உப்புக் காற்று. இந்தியாவின் உவர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்தது பழவேற்காடுதான், கிழக்கே சமுத்திரம். இரண்டாவது ஐப்பசி மழைக்குள் கம்பி துருவேறி, கையால் ஒடித்தால் ஒடிந்தது. துத்தநாக முலாம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கிறது. முலாம் எவ்வளவு கனமோ, கம்பிக்கு அவ்வளவு ஆயுள். நாங்கள் விலையைக் கேட்டோமே தவிர முலாமைக் கேட்கவில்லை!

சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் போட்டால் செலவில்லையே என்றார் ஒருவர். அதன் காயை ஆடு தின்று, புழுக்கையோடு விதையை ஊரெங்கும் விதைக்கும். வேண்டாமென்றோம்.

மறுமுறை கனத்த முலாம் பூசிய வலைக்கம்பி வாங்கினோம். அடிப்பக்கம் கண் சிறியது. சிமெண்டுக் கால்களுக்குள் உப்பு இறங்கினால் உள்ளிருக்கும் இரும்பு துருவேறிப் பருத்துக் காலையே வெடிக்கச் செய்யும். ஆகையால் வைரம் பாய்ந்த பனங்கால்களை நட்டோம். கம்பியின் இழுப்பெல்லாம் மூலைக்கால்மேல் விழுவதால், மணலில் அதை ஆழமாக இறக்கிச் சாய்வாக முட்டுக் கொடுத்தோம். ஆடு நிற்கும் பக்கத்தில் கம்பியை அடித்தோம். அது முட்டினால் கம்பி காலோடு அழுந்துமே தவிர ஆணி பிடுங்காது.

ஏரிப்பக்கம் குழி தோண்டும்போது ஒரு கிழவி வந்து நின்றாள். "வாத்தியாரையா, இந்த வேலி ஆட்டுக்கா, எங்களுக்கா?" என்றாள். பார்த்தால், நிலத்தின் குறுக்கே ஓர் ஒற்றையடிப் பாதை. அவள் தெருப் பெண்கள் பறிக்கூடையுடன் சேற்றில் இறால் தடவப் போகும் வழி அதுதான். சுற்றிப் போனால் அரை மைல். பட்டா தம் பேரில் இருக்கிறதென்றார் மைத்துனர். பட்டாவுக்கு முந்தியது பாதை என்றேன் நான்.

முடிவில் அவ்விடத்தில் மரப் படல் ஒன்று வைத்தோம். கயிற்றில் கட்டிய கல் அதைத் தானே இழுத்து மூடிவிடும். படலுக்கு ஒரு பூட்டு வேண்டுமென்று மைத்துனர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் வாங்கித் தரவில்லை.