சீஸில் ஒரு புத்தகம், விஷத்தில் ஒரு புத்தகம்! கலைக் கல்லூரி நூலகங்களுக்குள் என்னென்ன இருக்கிறது தெரியுமா?

மஞ்சள் அட்டை, கச்சிதமான பைண்டிங். புத்தகத்தைத் திறந்தால் ஓர் எழுத்துகூட இல்லை. பக்கத்துக்குப் பக்கம் சீஸ்! சாண்ட்விச்சுக்குள் வைப்பார்களே, ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் உறையில் வரும் அந்தச் சதுரத் துண்டு, அதேதான்! மொத்தம் 20 துண்டு. அமெரிக்க வடிவமைப்பாளர் பென் டென்சர் 2018-இல் செய்தது இது. அடித்ததே, மன்னிக்கவும், கட்டியதே 10 பிரதிதான். அதில் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிப் பட்டியலில் ஏற்றியிருக்கிறது ஒரு நூலகம். எது தெரியுமா? மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கலை, கட்டடக்கலை, பொறியியல் நூலகம்!

இதையெல்லாம் புத்தகம் என்று சொல்லலாமா என்று முணுமுணுக்கிறீர்களா? டீட்டர் ரோத் என்ற கலைஞர் செய்ததைக் கேட்டால் என்ன சொல்வீர்களோ! 1961 முதல் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் பொடிப்பொடியாகக் கிழித்து, கொழுப்பும் மசாலாவும் கலந்து, உறையில் அடைத்து சாசேஜ் செய்தவர் அவர். 1974-இல் ஜெர்மன் தத்துவ மேதை ஹெகலின் நூல் தொகுப்பையே 20 சாசேஜ்களாக்கித் தொங்கவிட்டார். தொகுதிக்கு ஒரு சாசேஜ்! ஹெகலைப் படித்துச் செரிக்க முடியாதவர்களுக்கு இதுவும் ஒரு வழி போல.

சரி, சீஸ் புத்தகத்தைத் தொடலாம். தொட்டால் ஆபத்தான புத்தகம் ஒன்றும் அதே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, தெரியுமா? பார்க்க அழகோ அழகு. உள்ளே 86 வால்பேப்பர் மாதிரிகள். அத்தனையிலும் ஆர்சனிக்! 19-ஆம் நூற்றாண்டில் சுவர்க் காகிதங்களுக்கு அந்தப் பளிச் பச்சையைக் கொடுத்ததே இந்த விஷம்தான். வீட்டுச் சுவரே ஆளைக் கொல்கிறது என்று ஊரை எச்சரிக்க நினைத்தார் ராபர்ட் கெட்சி என்ற வேதியியலாளர். 1874-இல் கடைகளில் விற்ற காகிதங்களையே வெட்டி, 100 புத்தகமாகக் கட்டி, மிச்சிகன் மாநில நூலகங்களுக்கு அனுப்பிவைத்தார். விஷத்தைப் பற்றி எச்சரிக்க விஷத்தையே பார்சல் செய்த மனிதர்! பிற்பாடு பெரும்பாலான நூலகங்கள் பயந்துபோய்ப் பிரதிகளை அழித்துவிட்டன. தப்பிப் பிழைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவையே. மிச்சிகன் பிரதியில் ஒவ்வொரு தாளையும் பிளாஸ்டிக்குக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

பெட்ரோல் பங்க்குகளைப் பற்றி ஒரு புத்தகம் இருக்கிறது, தெரியுமா? கதை இல்லை, கட்டுரை இல்லை. 26 பெட்ரோல் பங்க், 26 புகைப்படம். முடிந்தது! அமெரிக்கக் கலைஞர் எட் ருஷே 1963-இல் வெளியிட்டார், 400 பிரதி. ஒன்றை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு அனுப்பினார். "வேண்டாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்! மனிதர் என்ன செய்தார் தெரியுமா? அழவில்லை. மறு வருடமே ஆர்ட்ஃபோரம் இதழில் விளம்பரம் கொடுத்தார். என்ன விளம்பரம்? 1963 அக்டோபர் 2-ஆம் தேதி நாடாளுமன்ற நூலகம் நிராகரித்த புத்தகம் இது என்று! இன்று முதல் பதிப்பு கிடைத்தால் ஆயிரக்கணக்கான டாலர். கலைஞர்களே உருவாக்கும் இந்த மாதிரி நூல்களை லண்டனின் செல்சி கலைக் கல்லூரி நூலகம் ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறது.

அதே ருஷே 1966-இல் செய்த இன்னொரு புத்தகத்தை மேஜையில் விரிக்கவே முடியாது. ஏன்? மடிப்பு மடிப்பாக நீண்டுகொண்டே போய் ஏறக்குறைய 25 அடி! லாஸ் ஏஞ்சலிஸின் சன்செட் ஸ்ட்ரிப் தெருவில் உள்ள ஒவ்வொரு கட்டடமும் அதில் உண்டு. பிக்கப் வண்டியில் கேமராவைக் கட்டி ஓட்டிக்கொண்டே எடுத்த படங்கள். கூகுள் தெருத்தெருவாகக் கேமரா வண்டி விடுவதற்கு எத்தனை காலம் முன்பு பாருங்கள்!

1963-இல் இன்னொரு அதிசயமும் நடந்தது. ஜோசஃப் ஆல்பர்ஸ் என்ற ஓவிய ஆசிரியர், வண்ணம் நம் கண்ணை எப்படியெல்லாம் ஏமாற்றும் என்று மாணவர்களோடு செய்து பார்த்த பரிசோதனைகளைத் தொகுத்தார். 150 வண்ணப் படங்கள், சில்க்ஸ்கிரீன் அச்சு, 2,000 பிரதி. எடை எவ்வளவு தெரியுமா? சுமார் 10 கிலோ! இதை இரவல் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோக நினைப்பவர் கூடவே ஒரு ஆளையும் கூட்டிவர வேண்டும்.

இப்போது ஒரு கல்லூரியின் கதை. 1876-இல் பிலடெல்ஃபியாவில் பெரிய கண்காட்சி நடந்தது. ரோட் ஐலண்ட் மாநிலத்துப் பெண்கள் அதற்காகத் திரட்டிய நிதியில் 1,675 டாலர் மிச்சமானது. என்ன செய்யலாம்? பூங்காவில் ஒரு குடிநீர் நீரூற்று கட்டலாம் என்றது ஒரு யோசனை. அவர்களில் ஒருவரான ஹெலன் மெட்காஃப் வேறொன்று சொன்னார்: வடிவமைப்புப் பள்ளி தொடங்கலாம். பள்ளியே ஜெயித்தது! ஒரு நீரூற்றுக்குப் போயிருக்கவேண்டிய காசில் 1877-இல் பிறந்ததுதான் இன்று உலகப் புகழ்பெற்ற ரோட் ஐலண்ட் வடிவமைப்புக் கல்லூரி! மறு வருடமே நூலகமும் வந்துவிட்டது.

அந்த நூலகம் இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா? ஒரு பழைய வங்கிக்குள்! 2006 முதல், மக்கள் பணம் கட்டவும் எடுக்கவும் வந்துபோன அதே பிரம்மாண்ட மண்டபத்தில். வளைந்த கூரையின் கீழ் புத்தக அலமாரிகள். அதைவிட வேடிக்கை, அதே கட்டடத்தின் மாடிகளில் மாணவர் விடுதி! போர்வையை விலக்கி லிஃப்டில் இறங்கினால் நூலகம். தாமதத்துக்கு ஒரு சாக்கும் சொல்ல முடியாது!

அங்கே இரவலுக்குப் புத்தகம் மட்டும்தானா? பத்திரிகைகளிலிருந்து வெட்டி எடுத்து, பொருள்வாரியாகப் பிரித்து உறைகளில் போட்ட படங்களும் உண்டு. கண்ணாடி, உலோகம், மரம், துணி, பிளாஸ்டிக் என்று தடவிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் மாதிரிகளுக்குத் தனி நூலகமே உண்டு! அதே கல்லூரியில் எட்னா லாரன்ஸ் என்ற ஆசிரியை 1937-இல் தொடங்கிய இயற்கை ஆய்வகத்தில் எலும்புக்கூடு, வண்ணத்துப்பூச்சி, கிளிஞ்சல், விதை என்று சுமார் 80,000 மாதிரிகள். அருங்காட்சியகம் என்றால் "தொடாதே" பலகை இருக்கும். இங்கே கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து வரையலாம்!

பயணிகள் லிஃப்டே இல்லாத காலத்தில் லிஃப்டுக்கு வழி விட்டுக் கட்டிய கல்லூரி எது தெரியுமா? நியூயார்க்கின் கூப்பர் யூனியன்! தொழிலதிபர் பீட்டர் கூப்பர் 1853-இல் கட்டத் தொடங்கினார். உலகின் முதல் பயணிகள் லிஃப்ட் இயங்கியதோ 1857-இல். "எப்படியும் ஒருநாள் கண்டுபிடித்துவிடுவார்கள்" என்று நம்பி, அடியிலிருந்து உச்சிவரை ஓர் உருளை வடிவக் குழியை விட்டுவைத்தார் மனிதர். இன்று அதில் வட்ட வடிவ லிஃப்ட் ஓடுகிறது! ஒரு வருடம்கூட முழுதாகப் பள்ளிக்கூடம் போகாதவர் கூப்பர். அவர் திறந்த வாசகசாலையில் கட்டணம் கிடையாது. பகலெல்லாம் வேலை பார்ப்பவர்களும் வந்து படிக்கட்டும் என்று இரவு 10 மணி வரை திறந்து வைத்தார்.

கண்ணாடித் தரையில் நடந்து புத்தகம் தேடியிருக்கிறீர்களா? புரூக்ளினின் பிராட் கல்லூரி நூலகத்துக்குப் போங்கள்! 1896-இல் எழுந்த கட்டடம். அலங்காரம், புகழ்பெற்ற டிஃபனி நிறுவனம். புத்தக அடுக்குகளுக்கு நடுவே தரை முழுக்கக் கனத்த கண்ணாடி. மேல்தள வெளிச்சம் கீழ்த்தளத்துக்கும் இறங்கும்! குழந்தைகளுக்கென்றே தனி அறையும் கட்டினார்கள், அந்தக் காலத்தில் அது புதுமையிலும் புதுமை.

பாரிஸின் நுண்கலைக் கல்லூரியில் சுமார் 4.5 லட்சம் கலைப் பொருட்கள்! எண்ணி முடிப்பதற்குள் படிப்பே முடிந்துவிடும். நகருவோம்.

லண்டன் கலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு சினிமாக்காரரின் மொத்த வாழ்க்கையும் பெட்டி பெட்டியாக இருக்கிறது, தெரியுமா? ஸ்டான்லி குப்ரிக்! 1999-இல் மறைந்தார். 2007-இல் அவர் வீட்டிலிருந்து வந்து இறங்கியவற்றை அடுக்க 800 மீட்டருக்கும் மேல் அலமாரி தேவைப்பட்டது. நெப்போலியன் பற்றிப் படம் எடுக்க ஆசைப்பட்டு அவர் சேர்த்த படங்கள் மட்டும் ஏறக்குறைய 17,000! எந்தத் தேதியில் நெப்போலியன் எங்கே இருந்தார் என்று நாள்வாரியாக அட்டை போட்டார். படம்? எடுக்கவே இல்லை!

'ஐஸ் வைட் ஷட்' படத்துக்கு லண்டன் முழுக்கச் சுற்றி எடுத்த இடத் தேர்வுப் படங்கள் சுமார் 30,000. ஒரு தெருவை அப்படியே பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டதால், 12 அடி ஏணியைச் சில அடிக்கு ஒருமுறை நகர்த்தி நகர்த்தி, ஏறி ஏறிப் படமெடுத்து, எல்லாவற்றையும் ஒட்டினார்கள். ருஷே வண்டியில் போய் முடித்த வேலை, இங்கே ஏணியில்!

ரசிகர் கடிதங்களைக் குப்ரிக் எப்படி அடுக்கினார் தெரியுமா? ஊர் வாரியாக! ஏன்? ஏதாவது ஓர் ஊர்த் தியேட்டரில் படம் சரியாக ஓடுகிறதா என்று சந்தேகம் வந்தால், அந்த ஊர் ரசிகருக்கே போன் போட்டுப் போய்ப் பார்க்கச் சொல்லலாமே! பாராட்டு, திட்டு, கிறுக்கு என்று மூன்று வகையாகக் குறியீடும் போட்டு வைத்தார். இத்தனையும் வைக்கும் அட்டைப் பெட்டிகூடத் தானே அளவு சொல்லிச் செய்யவைத்தது. மூடி இறுகவும் கூடாது, லொடலொடக்கவும் கூடாது. பெட்டி செய்தவர்களின் சொந்தக் குறிப்பு ஒன்று தவறுதலாகப் பெட்டிக்குள்ளேயே வந்துவிட்டது. வாடிக்கையாளர் ரொம்பப் படுத்துகிறவர், மூடி வழுக்கிக்கொண்டு வருகிறதா என்று பார்த்து அனுப்பு என்பது அதன் சாரம். அதையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார் குப்ரிக்!

லியனார்டோ டா வின்சியின் குறிப்பேடுகள் ஒரு கலைப் பள்ளி நூலகத்தின் வாரிசிடம் இருக்கின்றன, தெரியுமா? 1837-இல் லண்டன் சாமர்செட் ஹவுஸில் அரசு வடிவமைப்புப் பள்ளி மாணவர்களுக்காகத் தொடங்கிய சிறு நூலகம் அது. பள்ளி வளர்ந்து ராயல் கலைக் கல்லூரி ஆனது. நூலகமோ இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் தேசியக் கலை நூலகம்! எழுத்தாளர் ஜான் ஃபார்ஸ்டர் 1876-இல் விட்டுப்போன சொத்தில் லியனார்டோவின் ஐந்து குறிப்பேடுகள் வந்து சேர்ந்தன. ஒன்று உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். எழுத்தோ வலமிருந்து இடமாக, கண்ணாடியில் தெரிவதுபோல! போதாக்குறைக்கு சார்லஸ் டிக்கன்ஸின் நாவல் கையெழுத்துப் பிரதிகளும்!

அதே அருங்காட்சியகத்தில் நம்மூர்த் துணியும் உண்டு. ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் 1866-இல் தொகுத்தது: 18 தொகுதி, 700 துணி மாதிரி. சென்னை மாகாணத் துணிகளும் அதில் அடக்கம். இப்படி 20 செட்! அப்படியென்றால் மொத்தம் 14,000 பிட்! லண்டனில் சேர்த்து வைத்திருந்த இந்தியத் துணிகளைக் கத்தரித்தே இதைச் செய்தார்கள். எதற்கு? பிரிட்டிஷ் ஆலைக்காரர்கள் பார்த்து, அதே மாதிரி நெய்து, நமக்கே விற்பதற்கு! 13 செட் அங்கேயே தங்கின, 7 மட்டும் இந்தியாவுக்கு வந்தன. வாட்சன் ஒரு டாக்டர். 1850-இல் சென்னையில் கலைப் பள்ளி தொடங்கிய அலெக்சாண்டர் ஹன்டரும் டாக்டர்! அந்தக் காலத்து மருத்துவர்களுக்கு மருந்துப் பெட்டியில் மனம் நிற்கவில்லை போலிருக்கிறது.

எல்லாமே சிரிப்பு சமாசாரம் இல்லை. கிளாஸ்கோ கலைப் பள்ளியில் கட்டடக் கலைஞர் சார்லஸ் ரென்னி மெக்கின்டாஷ் வடிவமைத்த நூலக அறை, 2014 மே 23 அன்று எரிந்துபோனது. தொல்லியலாளர்களே வந்து கரியையும் சாம்பலையும் சலித்து விளக்குகளின் உலோகத் துண்டுகளைப் பொறுக்கினார்கள். அதைப் பார்த்துப் புது விளக்குகள் செய்தார்கள். சீரமைப்பு நடந்துகொண்டிருந்தபோதே, 2018 ஜூன் 15 இரவில் கட்டடம் மறுபடி பற்றிக்கொண்டது! முதல் தீயைவிட இது பெரிது.

கடைசியாக ஒன்று. இந்தியாவின் ஆரம்பகால எலெக்ட்ரானிக் இசை எங்கே ஒளிந்திருந்தது தெரியுமா? சினிமா ஸ்டூடியோவில் இல்லை, வானொலி நிலையத்திலும் இல்லை. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்புக் கல்லூரியில்! 1969-இல் அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் மின்சாரத்தால் இசை எழுப்பும் ஒரு மூக் சிந்தசைசரைக் கொண்டுவந்து அங்கே ஸ்டூடியோ அமைத்தார். பீட்டில்ஸ் தங்கள் 'ஆபி ரோட்' ஆல்பத்தில் மூக் வாசித்ததும் அதே வருடம்தான்! அகமதாபாத் ஸ்டூடியோவுக்குப் பின்னால் இருந்தவர் இந்திய இசைக் கலைஞர் கீதா சாராபாய். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்! மாணவர்களும் ஆசிரியர்களும் வாசித்துப் பதிவுசெய்த 27 ஒலிநாடாச் சுருள்கள் கல்லூரி ஆவணக் காப்பகத்தில் பல பத்தாண்டுகள் கிடந்தன. பால் பர்காஸ் என்ற கலைஞர் தோண்டி எடுத்தார். 2023-இல் அவை ஆல்பமாகவே வந்துவிட்டன. அரை நூற்றாண்டுக்கு முந்தைய அகமதாபாத்தின் மின்னிசையை இன்று உங்கள் இயர்போனிலேயே கேட்கலாம்!