பால்கோவா இனிக்கும், நொதிக்கு இனிக்காது

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் ஒரு துணுக்கைக் கரைத்து, லேபில் ரத்தச் சர்க்கரை பார்க்கும் கரைசலில் விட்டால் சிவக்குமா? அநேகமாகச் சிவக்காது. ஏன்?

அந்தக் கரைசலில் இருப்பது குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி. அதன் கண்ணுக்குக் குளுக்கோஸ் மட்டும்தான் படும். கோவாவில் இருப்பதோ சீனியின் சுக்ரோஸும் பாலின் லாக்டோஸும். இரண்டிலும் குளுக்கோஸ் ஜோடி கட்டிக் கிடக்கிறது. நம் குடல் அந்த ஜோடியைப் பிரித்த பிறகே குளுக்கோஸ் ரத்தத்தில் ஏறும்.

அதே கரைசலில் ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவைச் சேர்த்து 37 டிகிரி செல்சியஸில் வைத்தால், நொதி குளுக்கோஸைக் குளுக்கோனிக் அமிலமாக்கும். கூடவே ஹைட்ரஜன் பெராக்சைடு பிறக்கும். பெராக்சிடேஸ் என்ற இரண்டாம் நொதி அதைக் கொண்டு நிறமற்ற பொருளை இளஞ்சிவப்பாக்கும். 505 நானோமீட்டர் அலைநீள ஒளியை அந்தச் சிவப்பு எவ்வளவு விழுங்குகிறது என்று பார்த்து, அளவு தெரிந்த குளுக்கோஸ் கரைசலோடு ஒப்பிட்டால் கணக்கு முடிந்தது.

ரத்தம் எடுக்கும் சாம்பல் நிற மூடிக் குழாயைக் கவனித்திருக்கிறீர்களா? உள்ளே சோடியம் ஃபுளூரைடு. அது இல்லாவிட்டால் குழாய்க்குள்ளும் ரத்த அணுக்கள் பசியாறிக்கொண்டே இருக்கும். மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் சர்க்கரை காணாமல் போகும். ராஜபாளையம் வெயிலில் இன்னும் வேகமாக. ஃபுளூரைடும் எடுத்த எடுப்பிலேயே பிடிப்பதில்லை. முதல் ஒரு மணி நேரம் கொஞ்சம் கோட்டை விடும்.