வழி தவறிய நரம்பு

பல்லைப் பிடுங்கிய இடம் ஆறி ஆண்டுகள் ஆகியிருக்கும். பல் செட் கட்டிய பிறகு, ஒரே ஓர் இடத்தில் அது அழுத்தும்போதெல்லாம் சுரீரென்று வலிக்கும். பெரும்பாலும் கீழ்த்தாடையில், மோவாய்க்குப் போகும் நரம்பு எலும்பைவிட்டு வெளியே வரும் சிறு துளையின் அருகில். வெட்டியெடுத்துப் பார்த்தால் சிக்குப் பிடித்த நூல்கண்டாக நரம்பிழைகள். புற்றுநோய் இல்லை. அறுந்த நரம்பு மறுபடி வளரப் பார்த்து, மறுமுனை கிடைக்காமல் தன்னையே சுற்றிக்கொண்டிருக்கிறது.

வளரத் தூண்டுவது ஷ்வான் செல். 1839-இல் அதை விவரித்த ஜெர்மானியர் தியோடோர் ஷ்வானின் பெயர். நரம்பிழைக்கு உறை போடுவது இதன் அன்றாட வேலை. நரம்பு அறுந்துவிட்டால் அந்த வேலையை விட்டுவிடும். முதிர்ந்த செல் இளமைக்குத் திரும்பிப் பெருகும், சிதைந்ததை அகற்றும், வரிசை கட்டி நின்று புது இழைக்கு வழி காட்டும். மூளையிலும் தண்டுவடத்திலும் இந்தச் செல் கிடையாது. அங்கே அறுந்தது அநேகமாக அறுந்ததுதான்.

இந்தச் செல்லோடு செங்கல்பட்டுக்குப் பழைய உறவு உண்டு. ஊரை ஒட்டிய திருமணியில் 1924-இல் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை தொடங்கியது; 1955-இல் மத்திய அரசு அதை ஏற்று ஆராய்ச்சி நிலையமாக்கியது. தொழுநோய்க் கிருமி குடியேறுவது ஷ்வான் செல்லுக்குள்தான். 1940களில் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் இங்கே தொழுநோய்க்கு டாப்சோன் மருந்தை ஊசியாகப் போட்டுப் பார்த்தார். அவர் அழைத்து வேலூரிலிருந்து வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், நோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைக் கண்டு, அவற்றை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையில் இறங்கினார். 2013-இல் எடின்பரோ ஆய்வாளர்கள் எலியின் செல்களில் கண்டது இன்னும் விசித்திரம்: கிருமி ஷ்வான் செல்லை ஸ்டெம் செல் போன்ற நிலைக்குத் திருப்பி, அதன் மேலேறியே மற்றத் திசுக்களுக்குப் பரவுகிறது. காயத்தை ஆற்றுவதற்கென்று இருந்த நெகிழ்வு, கிருமிக்கு வாசலாகிவிட்டது.

காயமோ கிருமியோ இல்லாமலும் ஷ்வான் செல் பெருகிக் கட்டியாவதுண்டு. அந்தக் கட்டி ஷ்வானோமா. வாய்க்குள் அரிது, வந்தால் பெரும்பாலும் நாக்கில், வலியில்லாத உருண்டையாக. நரம்பை ஓரமாகத் தள்ளி, தனி உறைக்குள் வளர்வதால் பெரும்பாலும் நரம்பைக் காப்பாற்றி உரித்தெடுத்துவிடலாம். நியூரோஃபைப்ரோமா என்னும் இன்னொரு நரம்புக் கட்டியோ இழைகளுக்கு நடுவே புகுந்துவிடும். அதைப் பிரிப்பது பாடு. எதுவென்று கண்ணால் சொல்ல முடியாது, பயாப்ஸிதான் சொல்லும். போத்தேரியிலிருந்து மேல்மருவத்தூர் வரை ஜி.எஸ்.டி. சாலையில் பல் மருத்துவக் கல்லூரிகள் இருப்பதால் இந்த வட்டாரத்துக்காரருக்கு அது தூரமில்லை.

ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்தக் கூடாது. குழந்தையின் நாக்கு நுனியிலும் உதட்டிலும் சிறுசிறு நரம்பு முடிச்சுகள் பலவாகத் தெரிந்தால், அவை தம்மளவில் தீங்கற்றவை என்றாலும், ரெட் என்னும் மரபணுவின் பிழையால் வந்தவையாக இருக்கலாம். அதே பிழை சிறு வயதிலேயே தைராய்டில் புற்றுநோயை உண்டாக்கும். அப்போது மருத்துவர் நாக்கோடு நிற்கமாட்டார். கழுத்தையும் பரிசோதிப்பார்.