வலப்பக்கம் திரும்பினால் டீசல் செலவு

மாணவர்களே, சுங்கை பாக்காப்பில் பொட்டலங்களை ஏற்றிய வேன் ஒன்று ஜாவி, நிபோங் திபால், சிம்பாங் அம்பாட், பத்து காவான் ஆகிய 4 ஊர்களுக்கும் போக வேண்டும். எதற்கு முதலில் போவது? 24 வரிசைகள் உண்டு. தெற்கே ஜாவி, வடக்கே சிம்பாங் அம்பாட், மறுபடி தெற்கே நிபோங் திபால் என்று அலைந்தால் டீசல்தான் தீரும்.

10 இடங்கள் என்றால் 3,628,800 வரிசைகள்! அமெரிக்காவின் யு.பி.எஸ். ஓட்டுநருக்கோ நாளுக்கு நூறுக்கும் மேல். அத்தனையையும் கணினியாலும் சோதிக்க முடியாது; ஓரளவு நல்ல வழியைத் தேடித் தரும். அதன் ‘ஓரியன்’ நிரலால் ஆண்டுக்குச் சுமார் 1 கோடி கேலன் எரிபொருள் மிச்சம் என்கிறது அந்நிறுவனம்.

அங்கே இடப்பக்கத் திருப்பத்தையும் கூடியவரை தவிர்க்கிறார்கள். எதிர்வரும் வாகனங்களுக்காகக் காத்திருக்கையில் இயந்திரம் சும்மா ஓடுமே! இடப்பக்கம் ஓட்டும் நமக்கு, தவிர்க்க வேண்டியது வலப்பக்கத் திருப்பம்.

அந்த 24 வரிசைகளையும் எழுதி, வரைபடத்தில் தூரத்தைக் கூட்டிப் பாருங்கள்.