முகத்தில் பூசும் ஹைட்ரோகுயினோன்: எப்போது மருந்து, எப்போது ஆபத்து?

நிக்காஹ் நிச்சயமான வீடுகளில் மணப்பெண்ணுக்குக் ‘கலர் கொடுக்கும்’ க்ரீம் வாங்கிப் பூசுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வருகிறவர்கள் கொண்டு வருகிறார்கள். ஃபேன்ஸி கடையில் கிடைக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமலே மெடிக்கலில் கேட்டு வாங்குபவர்களும் உண்டு. இப்படி வரும் க்ரீம்களில் அடிக்கடி காணப்படும் ஒரு பொருள் ஹைட்ரோகுயினோன். இது நல்ல மருந்துதான். ஆனால் மருந்தை அழகுசாதனமாக நினைத்துப் பூசினால் முகம் நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம். எனவே ஒவ்வொரு குடும்பமும் இதைப் பற்றி அறிந்திருப்பது அவசியம்.

இது எப்படி வேலை செய்கிறது?

நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற நிறமி. தோலிலுள்ள சிறப்புச் செல்கள் டைரோசினேஸ் என்ற நொதியின் உதவியால் இதை உண்டாக்குகின்றன. வெயிலின் தாக்குதலிலிருந்து தோலைக் காக்கும் குடை என்று மெலனினைச் சொல்லலாம். ஹைட்ரோகுயினோன் அந்த நொதியின் வேலையைத் தடுக்கிறது. புதிய நிறமி உண்டாவது குறைகிறது. பழைய தோல் உதிர உதிர, கருமை மெல்ல மங்குகிறது. பூசுவதை நிறுத்தினால் நிறமி மறுபடியும் உண்டாகத் தொடங்கும். ஆகவே பிறவி நிறத்தை நிலையாக மாற்றும் ஆற்றல் இதற்கு இல்லை.

இந்த வகைப் பொருள்கள் தோலை வெளுக்கச் செய்யும் என்பது 1930-களின் இறுதியில் அமெரிக்காவில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் தெரியவந்தது. ரப்பர் கையுறை அணிந்து வேலை செய்த தொழிலாளர்களின் கைகளில் வெள்ளைத் திட்டுகள் தோன்றின. கையுறை கெடாமலிருக்க ரப்பரில் சேர்த்திருந்த, ஹைட்ரோகுயினோனின் உறவுப் பொருளான மோனோபென்சோனே அதற்குக் காரணம் என்று கண்டறியப்பட்டது. மோனோபென்சோன் நிறமிச் செல்களையே அழித்துவிடும். ஹைட்ரோகுயினோன் அந்த அளவு கடுமையானதல்ல. இரண்டையும் ஒன்றென்று எண்ண வேண்டாம்.

எதற்காக மருத்துவர் இதை எழுதுகிறார்?

முக்கியமாக மெலாஸ்மாவுக்கு. நம் ஊரில் ‘மங்கு’ என்று சொல்வோமே, கன்னத்திலும் நெற்றியிலும் மேல் உதட்டிலும் வரும் பழுப்புத் திட்டு, அதுதான். கர்ப்பகாலத்திலும், கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும், வெயிலில் அதிகம் இருப்பதாலும் இது வரும். பரு ஆறிய பிறகு தங்கும் கரும்புள்ளிகளுக்கும் ஹைட்ரோகுயினோன் கொடுப்பதுண்டு.

பொதுவாக 2 முதல் 4 சதவீத அளவுள்ள க்ரீமை, இரவில், திட்டு உள்ள இடத்தில் மட்டும் பூசச் சொல்வார்கள். பலன் தெரிய ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். சில மாதங்கள் பூசிய பிறகு மருத்துவர் நிறுத்திவிடுவார் அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார். பகலில் சன்ஸ்கிரீன் பூசாவிட்டால் இந்த மருந்தால் பயன் மிகக் குறைவு. இரவெல்லாம் மங்கியதை மறுநாள் வெயில் திரும்பக் கொண்டுவந்துவிடும். தலையை மூடும் ஹிஜாப் கன்னத்தையும் மேல் உதட்டையும் வெயிலிலிருந்து காக்காது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அளவு மீறினால் என்ன ஆகும்?

எரிச்சல், சிவப்பு, அரிப்பு, தோல் உரிதல் ஆகியவை சிலருக்கு ஆரம்பத்திலேயே வரும். பெரிய ஆபத்து பல மாதங்கள், வருடங்கள் விடாமல் பூசுபவர்களுக்குத்தான். அதன் பெயர் ஓக்ரோனோசிஸ். வெளுக்க வேண்டிய இடத்திலேயே நீலம் கலந்த கறுப்புத் திட்டுகளும், சில சமயம் சிறு மணிகள் போன்ற புடைப்புகளும் தோன்றும். திட்டு கறுக்கிறதே என்று பயந்து மேலும் க்ரீம் பூசுகிறார்கள்; அது இன்னும் கறுக்கிறது. இதைக் குணப்படுத்துவது மிகக் கடினம்.

தென் ஆப்பிரிக்காவில் வெளுப்பு க்ரீம் பூசிய ஏராளமான பெண்களிடம் இந்தப் பாதிப்பு காணப்பட்டது. 1975-ல் மருத்துவ உலகம் இதைப் பதிவு செய்தது. 1990-ல் அந்த நாடு அழகுசாதனங்களில் ஹைட்ரோகுயினோனுக்குத் தடை விதித்தது. தோலை வெளுக்கும் அழகுசாதனங்களில் ஐரோப்பிய ஒன்றியமும் இதைத் தடை செய்துள்ளது. அமெரிக்காவில் 2020 முதல் மருத்துவர் சீட்டுடன் மட்டுமே விற்கலாம்.

பூசும் மருந்தில் கணிசமான பங்கு தோல் வழியே உடலுக்குள் செல்கிறது. எனவே கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவர் சொல்லாமல் இதைத் தொடவே கூடாது. கர்ப்பகாலத்தில் வரும் மங்கு பிரசவத்துக்குப் பிறகு பலருக்குத் தானாகவே குறையும்.

கூடவே வரும் இரண்டு ஆபத்துகள்

முதலாவது, ஸ்டீராய்டு. மெலாஸ்மாவுக்காக ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த க்ரீம் உண்டு. மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதும் இந்த மருந்தை, ‘முகம் பளிச்சென்று ஆகிறது’ என்று வருடக்கணக்கில் பூசுபவர்கள் இருக்கிறார்கள். நாளடைவில் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் வெளியே தெரியும். பருக்கள் வரும், பெண்களுக்கு முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். அதற்குப் பயந்து மறுபடியும் பூசுவார்கள். பூசும் ஸ்டீராய்டு மருந்துகள் 14-ஐ மத்திய அரசு 2018-ல் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது இதனால்தான்.

இரண்டாவது, பாதரசம். இந்தியாவில் அழகுசாதனங்களில் பாதரசம் சேர்க்கத் தடை உள்ளது. ஆனாலும் அடையாளம் தெரியாத க்ரீம்களில் அது இருக்கிறது. கேரளத்தில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை ஒரு வகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் ஓர் அரிய வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பு க்ரீம் பூசியவர்கள். பூசுபவருக்கு மட்டுமல்ல, அவருடைய துண்டு, தலையணை, கை வழியாக வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் பாதரசம் சேரலாம்.

வாங்கும் முன் பாருங்கள்

• தயாரித்தவர் முகவரி, உரிம எண், சேர்மானப் பட்டியல், காலாவதித் தேதி ஆகியவை இல்லாத டப்பாவை வாங்காதீர்கள். யார் அன்பளிப்பாகக் கொடுத்தாலும் பூசாதீர்கள்.
• மெர்குரி, கேலோமெல் என்ற சொற்கள் இருந்தால் அது பாதரசம். ‘தங்கம், வெள்ளி நகைகளில் படக்கூடாது’ என்ற எச்சரிக்கையும் பாதரசத்தின் அடையாளம்தான்.
• பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு.
• ‘ஏழே நாளில் வெளுப்பு’ என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். ஹைட்ரோகுயினோன்கூட அவ்வளவு வேகமாக வேலை செய்யாது.
• ஹைட்ரோகுயினோன் க்ரீம் பழுப்பு நிறமாக மாறியிருந்தால் கெட்டுவிட்டது என்று பொருள்.

ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால்

டப்பாவை எறிந்துவிடாமல் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரைப் பாருங்கள். எதைப் பூசினீர்கள் என்பது தெரிந்தால்தான் சிகிச்சை எளிது. ஸ்டீராய்டு க்ரீமை நீண்ட நாள் பூசியிருந்தால் எப்படி நிறுத்துவது என்பதை மருத்துவரே சொல்வார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. சிறுநீர் நுரைத்துப் போனால், கால் அல்லது முகம் வீங்கினால், தாமதிக்காமல் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். க்ரீம் பூசும் விஷயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். காரணம் தெரிந்து க்ரீமை நிறுத்தியதும் சிறுநீரகம் தேறியவர்கள் பலர்.

பெண் பார்க்கப் போகும் மாப்பிள்ளை வீட்டாரும் இதில் பொறுப்பாளிகள். ‘பொண்ணு கொஞ்சம் கலர் கம்மி’ என்று அங்கே சொல்லப்படும் ஒரு வார்த்தைக்காகத்தான் அந்தப் பெண் இரவில் யாருக்கும் தெரியாமல் அந்த டப்பாவைத் திறக்கிறாள். அந்த வார்த்தையை நம் வீட்டுப் பேச்சிலிருந்து எடுத்துவிடுவோம். மங்கு என்றால் அது நோய். அதற்கு மருத்துவம் உண்டு. மாநிறம் நோயல்ல, அதற்கு மருந்து தேவையில்லை.