ஜீப் போன பிறகு தெருவில் இருப்பது யார்?

போடியில் விடியறதுக்கு முன்னாடியே ஜீப்புகள் கிளம்பிடும். தூக்குச்சட்டியில் சோறு, தலையில் சுத்தின துண்டு, சேலைக்கு மேலே ஒரு பழைய முழுக்கைச் சட்டை. இப்படித்தான் பெண்கள் ஏலத்தோட்டத்துக்குப் போவாங்க. போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவு. அதைத் தாண்டினா கேரளம். பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்டங்கள். ஆடி, ஆவணியில் காய் எடுப்பு தொடங்கினா மாசி வரைக்கும் இந்த ஓட்டம் நிற்காது. திரும்பி வீடு வந்து சேரும்போது இருட்டியிருக்கும்.

நடுவில் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம், அம்மாக்கள் இல்லாமலே தெரு நடக்குது. குடும்ப நலத்துக்காக ஊர்க்காரங்களையே தன்னார்வலர்களாகப் பழக்குவது பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பன்னிரண்டு மணி நேரம்தான் ஞாபகத்துக்கு வருது. பயிற்சியில் என்ன சொல்லிக் கொடுக்கிறோம் என்பது இரண்டாவது கேள்வி. யாரைத் தேர்ந்தெடுக்கிறோம், அவங்க எந்நேரத்தில் வீட்டில் இருப்பாங்க என்பதுதான் முதல் கேள்வி.

லயத்துக்குப் பொருந்தியது தெருவுக்குப் பொருந்தாது

"குடும்ப நலம்" என்ற சொல்லுக்கு நம்ம ஊரில் ரொம்ப நாள் ஒரே அர்த்தம்தான்: கருத்தடை. தோட்டங்களிலும் அப்படித்தான் ஆரம்பிச்சது. 1971-இல் நீலகிரித் தேயிலைத் தோட்டங்கள் சிலவற்றில் உபாசி என்கிற தோட்ட முதலாளிகள் சங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஒரு பெண் தொழிலாளி கர்ப்பமாகாமல் இருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் அவர் பேரில் 5 ரூபாய் சேமிப்பில் போடப்படும். பிற்பாடு உபாசியின் வேலை தாய் சேய் நலம், சுகாதாரம் என்று விரிந்தபோது, லயத்தில் குடியிருக்கும் பெண்களிலேயே சிலரைப் பழக்கி, வீடுகளுக்கும் தோட்ட ஆஸ்பத்திரிக்கும் இடையில் தொடர்பாளர்களாக வைத்தார்கள்.

அது ஓடியதற்குக் காரணம், தேயிலைத் தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே இடம். சட்டமும் அதை நினைத்துத்தான் எழுதப்பட்டது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி, 50 பெண்கள் வேலை செய்தாலோ, அவர்களுக்கு ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 20 பேர் இருந்தாலோ பிள்ளைக்காப்பகம் வைக்கணும் என்று இருந்தது. ஆனால் 5 ஹெக்டேருக்குக் குறைவான தோட்டங்களுக்கு அந்தச் சட்டம் பொதுவாகப் பொருந்தவில்லை. ஏலத்தில் சின்னத் தோட்டங்கள் நிறைய. அப்படியே மேலே காப்பகம் இருந்தாலும், போடித் தெருவில் தூங்குற பிள்ளையை விடியக்காலை ஜீப்பில் யார் தூக்கிட்டுப் போவா? அம்மா ஒரு மாநிலத்தில், பிள்ளை இன்னொரு மாநிலத்தில்.

பழைய மதுரை மாவட்டம் கண்ட வழி

இதுக்கு வெளியூர் உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை. 1980-இல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது, முதல் சோதனை மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான் நடந்தது. அப்போது தேனி, போடியெல்லாம் மதுரை மாவட்டம்தான். தேனி தனியாகப் பிரிந்தது 1996-இல்.

அந்தத் திட்டத்தின் பணியாளர் அதே கிராமத்துப் பெண்ணாக இருக்கணும். பிள்ளை வளர்த்த தாயாக இருந்தால் நல்லது. 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதா மாதம் எடை போட்டு அட்டையில் புள்ளி வைப்பார். அவர் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: போன மாசத்தைவிட இந்த மாசம் எடை ஏறியிருக்கா? ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை. தேறியதும் நிறுத்திடுவாங்க. கூடவே ஊர்ப் பெண்களின் மாதர் குழு, வீடு வீடாகச் செய்தி கொண்டு போகும். சில ஊர்களில் அந்த உருண்டையைப் பிடித்ததும் அவர்களே. திட்டம் நடந்த இடங்களில் கடுமையான ஊட்டக்குறை நன்றாகவே குறைந்தது என்று பிறகு வந்த மதிப்பீடுகள் சொல்லின.

இதில் நான் எடுத்துக்கிறது இதுதான். அந்தப் பெண்ணுக்குப் பாடப்புத்தகம் முழுக்க ஏத்தி அனுப்பலை. சரிபார்க்கக்கூடிய ஒரே கேள்வியும், பதில் "இல்லை" என்றால் செய்யவேண்டிய ஒரே காரியமும் கொடுத்தாங்க. எடை ஏறாததை அம்மாவே அட்டையில் பார்த்துட்டா, அப்புறம் அறிவுரைக்குப் பெரிசா வேலை இல்லை.

மலைக்கு அந்தப் பக்கம் 1998-இல் வந்த குடும்பஸ்ரீயும் இந்த வழியில்தான் போனது. பத்து இருபது வீட்டுப் பெண்கள் சேர்ந்தா ஒரு அயல்கூட்டம். அதில் ஒருவர் சுகாதாரத் தன்னார்வலர். நம்ம பக்கம் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், சுய உதவிக் குழுப் பெண்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறாங்க. ஆக, ஆள் இருக்கு, அமைப்பும் இருக்கு. பொருந்தாமல் இருப்பது கடிகாரம். காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டினா, தோட்டத்துக்குப் போன பெண்ணுடைய வீட்டில் திறக்கிறது அம்மாச்சியோ அப்பத்தாவோதான்.

அப்பத்தாக்களைப் பழக்கலாமா?

கேட்டா சிரிப்பு வரலாம். ஜிம்பாப்வேயில் செய்தே காட்டினார்கள். 2006-இல் ஹராரே நகரின் ம்பாரே பகுதியில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 14 பாட்டிகளை வைத்துத் தொடங்கினார். கிளினிக் வாசலில் ஒரு மரப் பெஞ்சு. மனசு சரியில்லை என்று வருபவர் பக்கத்தில் பாட்டி உட்கார்ந்து பேச்சு கொடுப்பார். நோயின் பேரைச் சொல்லாமல், "ரொம்ப யோசிக்கிறது" என்ற பொருளில் ஷோனா மக்களே புழங்கும் சொல்லைத்தான் பயன்படுத்தினாங்க. முதலில் கேட்பது, பிறகு பல பிரச்சினைகளில் ஒன்றை அவரையே பொறுக்கச் சொல்வது, அதற்கு அடுத்த வாரத்துக்குள் செய்யக்கூடிய ஒரு அடியைச் சேர்ந்து யோசிப்பது. 2016-இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடப் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் மனச்சோர்வு குறைவாக இருந்தது.

போடித் தெருவிலும் பகலில் இருப்பது பாட்டிகள்தான். பிள்ளைக்கு வயித்தால போகும்போது "தண்ணி கொடுத்தா இன்னும் போகும்" என்று நிறுத்துபவரும் சில வீடுகளில் அவர்தான். அவரை எதிராளியாக்கினா ஒண்ணும் நடக்காது. "தப்பு பண்ணாதீங்க அம்மாச்சி" என்பதைவிட, "அம்மாச்சி, கழிஞ்ச தண்ணியை யாரு திரும்ப ஊத்துறது?" என்று கேட்பது நல்லது. அப்புறம் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அவர் கையாலேயே கலக்க வைக்கணும். ஆஸ்பத்திரியில் கொடுத்த துத்தநாக மாத்திரையை 14 நாள் நிறுத்தாமல் கொடுக்கச் சொல்லணும். இதே விஷயத்தை ஜீப் போகாத நாளில் அம்மாவிடமும் சொல்லணும். ரெண்டு பேரும் ஒரே சொல்லைக் கேட்டாத்தான் வீட்டில் நிற்கும்.

எதைச் செய்யக்கூடாது என்பதும் பயிற்சிதான்

அதே தெருக்காரர் என்பது பலம். ஆபத்தும் அதுதான். ஒரு வீட்டில் கேட்டது மறுநாள் குழாயடியில் பேச்சாச்சுன்னா, அப்புறம் எந்தக் கதவும் திறக்காது. அதனால் ரகசியம் காப்பதைக் கடைசி நாள் கடைசிப் பாடமாக வைக்காமல், முதல் நாளே நடிச்சுப் பார்க்க வைக்கணும்.

அடுத்தது, எங்கே நிறுத்திக்கணும் என்பது. புருஷன் குடிச்சிட்டு அடிக்கிறான் என்றால் தன்னார்வலர் பஞ்சாயத்து பேசப் போகக்கூடாது. அது அந்தப் பெண்ணுக்கும் ஆபத்து, இவருக்கும் ஆபத்து. அவளிடம் தனியாகப் பேசி, அவள் சம்மதத்தோடு 181-ஐ அழைப்பது இவர் வேலை. குழந்தைத் திருமணப் பேச்சு காதில் விழுந்தா 1098. உயிரை மாய்ச்சுக்கலாம்னு யாராவது சொன்னா அவரைத் தனியா விடாமல் 14416-க்கு அழைக்கணும். உடனடி ஆபத்து என்றால் 108. இந்த எண்களைச் சுவரில் ஒட்டுவதைவிட, பயிற்சியிலேயே ஒரு தடவை போன் போட்டுப் பேச வைப்பது மேல்.

ஆள் எடுக்கும்போது தெருவுக்குத் தெரு எடுக்கணும். நம்ம ஊர்த் தெருக்கள் சாதிவாரியாகப் பிரிஞ்சு கிடப்பதை மறைச்சு ஒண்ணும் ஆகப்போறதில்லை. சமையக்கட்டு வரைக்கும் போக முடியாத தன்னார்வலர் வாசலிலேயே திரும்பிடுவார். குரங்கணிப் பக்கத்து முதுவர் குடிக்கும், அடிவாரத்துப் பளியர் குடிக்கும் அந்தந்தக் குடியிலிருந்தே ஆள் வரணும்.

கடைசியா, காசு. "தன்னார்வம்" என்பது நல்ல சொல்தான். ஆனால் ஒரு நாள் ஜீப் ஏறாவிட்டால் ஒரு நாள் கூலி போகிற வீட்டில், சும்மா செய் என்று கேட்பது யாரை வடிகட்டும் என்று யோசிங்க. கஷ்டம் தெரிந்த பெண் விலகிடுவாள். வசதி உள்ளவர் மட்டும் மிஞ்சுவார். சத்துணவுத் திட்டத்துப் பணியாளருக்கு மாதத் தொகை இருந்தது. மக்களைத் தேடி மருத்துவப் பெண்களுக்கும் ஊக்கத்தொகை இருக்கு. பாட்டியானாலும் அவர் நேரத்துக்கு விலை உண்டு.

அடுத்த முறை போடியிலோ கம்பத்திலோ தன்னார்வலர் பயிற்சி என்று யாராவது கூப்பிட்டா, பாடத்திட்டத்தைப் பார்ப்பதற்கு முன் ஒண்ணு மட்டும் கேளுங்க: "வகுப்பு எத்தனை மணிக்கு?" பகல் பதினோரு மணி என்றால், அம்மாக்கள் வரமாட்டாங்க. அப்பத்தாக்களை அழைத்தீர்களா?