500 ரூபாய் டிக்கெட்டின் வரவு செலவு

தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனைக்கு 2003 ஜனவரியில் தடை வந்தது. ஆனாலும் திருநின்றவூர் டீக்கடைகளில் கேரள அரசின் ஓணம் பம்பர் லாட்டரிப் பேச்சு அடிபடாமல் இருப்பதில்லை. கேரளாவுக்குப் போய் வாங்கலாம். இங்கே விற்றால்தான் குற்றம். ஊர் வழியாகத்தான் பாலக்காட்டு ரயில்களும் ஓடுகின்றன. 2023-ல் 25 கோடி விழுந்தது திருப்பூர்ப் பக்கத்து நான்கு பேருக்கு. பிறகு பேச்சு அடங்குமா?

2022 ஓணம் பம்பரை எடுத்துக்கொள்வோம். டிக்கெட் 500 ரூபாய். அச்சடித்தது 67.5 லட்சம், மொத்தப் பரிசு 126 கோடி. அத்தனை டிக்கெட்டையும் ஒரே ஆள் வாங்கியிருந்தால் செலவு 337.5 கோடி; எல்லாப் பரிசும் அவருக்கே வந்தாலும் நஷ்டம் 211.5 கோடி. ஒரு டிக்கெட்டுக்குப் பார்த்தால், பரிசாகத் திரும்புவது சுமார் 187 ரூபாய். அப்போதைய 28 சதவீத ஜிஎஸ்டி 109 ரூபாய் 38 காசு. மீதி 204 ரூபாய் அரசின் லாபம், ஏஜென்ட் கமிஷன், அச்சு, விளம்பரம். ‘விழாவிட்டால் நாட்டுக்கு’ என்று 1968-ல் இங்கே லாட்டரி தொடங்கியபோது சொன்னார்கள். நாட்டுக்குப் போவது எவ்வளவு என்பதையும் இந்தக் கணக்கில் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் பரிசு விழுந்தவருக்கும் 25 கோடி முழுசாக வராது. ஏஜென்ட் கமிஷன் 10 சதவீதம் போனால் 22.5 கோடி. வருமான வரி 30 சதவீதம் பிடித்தால் 15.75 கோடி. அன்றிருந்த 37 சதவீத சர்சார்ஜ், 4 சதவீத செஸ் இரண்டையும் கட்டினால் கையில் நிற்பது 12.88 கோடி. பூசலார் நாயனார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டி முடித்த ஊர் திருநின்றவூர். பம்பர் வாங்குகிறவரும் 25 கோடியை மனத்துக்குள் செலவு செய்தே வாங்குகிறார். 12.88-க்கு யாரும் வீடு கட்டுவதில்லை.

குலுக்கலில் ஒரு நேர்மை உண்டு: குலுக்கும்வரை எல்லா டிக்கெட்டுக்கும் ஒரே மதிப்பு. தடைக்கு முன் இங்கே விற்ற சுரண்டல் லாட்டரியில் அது கிடையாது. பரிசு அச்சகத்திலேயே முடிவாகிவிடும். பத்து லட்சம் டிக்கெட், விலை 10 ரூபாய், முதல் பரிசு 10 லட்சம் என்று வையுங்கள். அந்தப் பரிசு ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரு ரூபாய் மதிப்பைத் தருகிறது. முதல் வாரமே யாரோ அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் மிச்ச டிக்கெட்டில் அந்த ஒரு ரூபாய் இல்லை. விலை மட்டும் அதே 10.

அச்சிலும் ஓட்டை விழும். 2003-ல் டொரன்டோவில் மோகன் ஸ்ரீவாஸ்தவா என்ற புள்ளியியலாளர் ஒரு சுரண்டல் டிக்கெட்டில் பூச்சுக்கு வெளியே தெரிந்த எண்களை எண்ணினார். டிக்கெட்டில் ஒரே ஒரு முறை வரும் எண்கள் மூன்று ஒரே வரிசையில் நின்றால் அது பெரும்பாலும் பரிசு டிக்கெட். சுரண்டாமலே பிரித்து ஒன்டாரியோ லாட்டரி நிறுவனத்துக்கு அனுப்பினார்; 20-ல் 19 சரி. நிறுவனம் அந்த விளையாட்டை நிறுத்தியது. கடைக்காரருக்கு அந்த வித்தை தெரிந்திருந்தால் நல்லதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை நமக்கு விற்றிருப்பார்.

2025 செப்டம்பர் 22 முதல் லாட்டரிக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். 500 ரூபாயில் வரி மட்டும் இப்போது 142 ரூபாய் 86 காசு. தினம் ஒரு 50 ரூபாய் டிக்கெட் என்றால் மாதம் 1,500. அதையே தபால் நிலைய ஆர்டியில் 6.7 சதவீத வட்டிக்கு ஐந்து ஆண்டு போட்டால் கட்டிய 90,000-க்குச் சுமார் 1,07,000 கிடைக்கும்.